ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்தது

“பாட்டு எப்ப சார் வரும்?”

நாலு நிமிஷம் பொறுமையாகக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா இதைக் கேட்டார். கையில் அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார், இன்னும் ஈரம் காயவில்லை. அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பொம்மையின் உடம்பில் ஒரு கோடு விழும். காதோரம் தொடங்கித் தொப்பை பக்கவாட்டில் இறங்கிப் பீடம் வரை ஓடும் அந்தக் கோட்டைச் சின்னக் கத்தியால் வழித்தெடுத்து, ஈர ஸ்பாஞ்சால் ஒரு துடை துடைத்துப் பலகையில் வைக்கிறார். அடுத்த பிள்ளையார். அவருக்கும் அதே கோடு. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவர் நடத்தும் சின்னக் கூடம் அது. கொலுப் பொம்மை, அகல் விளக்கு, கொஞ்சம் மின்சாரச் சாமான்கள் செய்கிறார்கள். நாலு பெண்களும் சூளைக்கு ஏற்றி இறக்க ஒரு பையனும் வேலை செய்கிறார்கள். வழக்கமாக எஃப்.எம். ஓடும். அன்று நான் போன சமயம் எஃப்.எம். கரகரத்தது. என் கைபேசியை அவர்களுடைய ஸ்பீக்கரோடு இணைத்து, சில நாட்களாக நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டுவிட்டேன். சோதனை செய்யும் எண்ணம் கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டு எப்போது வரும் என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில், வராது என்பதுதான். பத்து ராகங்கள், அடியில் ஓயாத ஒரே தாளம், அவ்வளவே. சொன்னேன். “அப்ப இது என்னா, படம் ஆரம்பிக்கிறப்போ பேரு போடுவாங்களே, அந்த மியூசிக்கா?” என்றார் இன்னொருவர். சூளைப் பையன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். டிஜே இசையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இரண்டாவது ராகம் முடியும்போது என்னருகில் வந்து ரகசியம் போலக் கேட்டான்: “அண்ணே, ட்ராப் எப்ப வரும்?”

அந்த அம்மா பாட்டுக்குக் காத்திருந்தார். பையன், தாளம் ஒரு கணம் நின்று ஓங்கி இறங்கும் அந்த இடத்துக்குக் காத்திருந்தான். இரண்டும் அந்த இசைத்தட்டில் கிடையாது.

இசைத்தட்டின் பெயரைத் தமிழில் சொன்னால், சின்தசைசரில் பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்துக்கு. 1982இல் எச்.எம்.வி. வெளியிட்டது. செய்தவர் பம்பாயின் சரண்ஜித் சிங். ஆர்.டி. பர்மன் போன்றவர்களின் இசைக்குழுக்களில் கித்தாரும் கீபோர்டும் வாசித்தவர். பாட்டைக் கேட்டிருப்போம், வாசித்தவர் பெயர் தெரிந்திருக்காது; அப்படிப்பட்ட ஸ்டுடியோ வாத்தியக்காரர்களில் ஒருவர். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்த தட்டுகள் அவர் பெயரில் உண்டு. ஆனால் தன் மனசுப்படி செய்த முதல் தட்டு இதுதான். படங்களில் எங்கும் டிஸ்கோ ஓடிக்கொண்டிருந்த காலம். அந்தத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தபலாவை நிறுத்திவிட்டு ராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் இருந்த கருவிகள் மூன்று. மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்துடையவை. ஜூபிட்டர்-8 என்ற கீபோர்டு, டிஆர்-808 என்ற தாள இயந்திரம், டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டி. இந்த மூன்றாவது பெட்டிக்கு ஒரு கதை உண்டு. தடாவோ கிக்குமோட்டோ என்ற பொறியாளர் வடிவமைத்து 1981இல் சந்தைக்கு வந்தது. தனியாக உட்கார்ந்து கித்தார் பழகுகிறவருக்குப் பக்கத்தில் பேஸ் கித்தார்க்காரர் இல்லாத குறையைத் தீர்ப்பதுதான் அதன் வேலை. தீர்க்கவில்லை. அதன் சத்தத்தைப் பேஸ் கித்தார் என்று யாரும் நம்பவில்லை. சுரங்களை அதற்குள் ஏற்றுவதும் தலைவலி. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். செய்தது மொத்தம் சுமார் 10,000 பெட்டிகள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த நம் நாட்டில், வந்த சூட்டோடு அதை வாங்கி வைத்துக்கொண்டு பைரவ் வாசித்தவர் வேறு ஒருவர் இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தட்டு வந்தது. விற்கவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று யோசித்திருக்கிறேன். டிஸ்கோ பிடிக்காத நாடாக இருந்தால் பரவாயில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாஜியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ வந்து இந்தியா, பாகிஸ்தான் இரு நாடுகளிலும் பறந்தது. அது அந்தப் பெண்ணின் முதல் ஆல்பம். ‘டிஸ்கோ டான்ஸர்’ வந்தது அதே 1982இல். நம் பக்கம் அதே ஆண்டு ஆகஸ்டில் ‘சகலகலா வல்லவன்’. டிஸ்கோ ஆட நாடு முழுக்கத் தயாராக நின்றது. ராகம் கேட்க ஆளில்லாத நாடுமல்ல. ஆனால் டிஸ்கோ கேட்டவர்களுக்கு அதில் குரல் இல்லை, ஆட ஒரு நடிகர் இல்லை. ராகம் கேட்டவர்களுக்கு ஆலாபனை இல்லை, தபலா இல்லை, பெரிய உஸ்தாத் பெயர் இல்லை. கடைக்காரர் அதை எந்த அடுக்கில் வைத்திருப்பார்? பல முதல் படைப்புகளுக்கு வரும் விபத்து இதுதான். திட்டக்கூட ஆள் இருக்காது. அந்தத் தட்டைப் பற்றி 1982இன் கேட்பாளர்கள் என்ன சொன்னார்கள் என்றால், ஒன்றுமே சொல்லவில்லை.

இதே நேரம் உலகின் இன்னொரு மூலையில் ஒரு இசை பெயர் தேடிக்கொண்டிருந்தது. சிக்காகோவில் 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கறுப்பர்களும் ஒருபால் விருப்பமுள்ளவர்களும் கொண்டாடிய இசையின் மேல் இருந்த வெறுப்பும் அந்த வெடியில் கலந்திருந்தது என்று பின்னாளில் எழுதியவர்கள் பலர். தகர்த்தபின் டிஸ்கோ அதே ஊரின் இரவு விடுதிகளுக்குள் ஒடுங்கிக்கொண்டது. வேர்ஹவுஸ் என்ற விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் தட்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து விடியும்வரை ஓட்டினார். அந்த விடுதிப் பெயரின் வால்தான் ஹவுஸ் இசை. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு தாளச் சுற்றில் நாலு உதை, நிமிஷத்துக்குச் சுமார் 120, மேலே கொஞ்சம் சுரம், நிறையப் பொறுமை.

அந்த ஊரில் சில இளைஞர்கள் கையில் ரோலண்ட் கைவிட்ட அந்த வெள்ளிப் பெட்டி பழைய சாமானாக மலிவு விலையில் வந்து சேர்ந்தது. எப்படி இயக்குவது என்று தெரியாமல் குமிழ்களைத் திருகினார்கள். பெட்டி நெளிந்து, கரகரத்து, தவளைபோல் கத்தியது. ஒலிநாடாவில் பிடித்து ரான் ஹார்டி என்ற டிஜேயிடம் கொடுத்தார்கள். மியூசிக் பாக்ஸ் விடுதியில் அவர் அதை முதல்தடவை போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டே இறங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார். பிறகு மூன்றாம் தடவை. அதே இரவில் நாலாம் தடவை போட்டபோது கூட்டம் தலைகீழாக நின்று ஆடியதாக அந்தக் குழுவின் டிஜே பியர் பலமுறை சொல்லியிருக்கிறார். ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற பெயரில் அது 1987இல் தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கே அதுதான் பெயர் கொடுத்தது. சரண்ஜித் சிங்கின் தட்டுக்கு ஐந்தாண்டு கழித்து.

அந்த நாலு தடவை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரான் ஹார்டி முதல் தடவையோடு நாடாவைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த இரவின் கேட்பாளர் கருத்து, குப்பை என்பதுதான். நாலாவதில் அதே ஆட்கள், அதே இசை. என் சின்ன வயதில் இங்கே திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் வைத்திருக்கும் தட்டு பத்தோ பன்னிரண்டோ. ஒரு நாளில் ஒரே பாட்டை ஆறு தடவை கேட்டாக வேண்டும், தெருவில் எவருக்கும் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. காலையில் எரிச்சலாக இருந்த பாட்டைச் சாயங்காலம் நானே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தபோது, என்னய்யா இது, டப்பாவில் கொட்டாங்கச்சி தட்டுகிற மாதிரி என்று சொன்ன பெரியவரைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் அவர் அதை எதிர்க்கவில்லை. அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. டீக்கடைக்காரர் ஓயாமல் போட்டார், அவ்வளவுதான். சரண்ஜித் சிங்குக்கு அப்படி ஒரு டீக்கடைக்காரர் வாய்க்கவில்லை.

எங்கள் ஊர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு, தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுந்தரர் திருமுதுகுன்றத்துக்கு வந்து பாடினார். (முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் மூன்றும் ஒரே பொருள், ஊரில் மலை எங்கே என்று கேட்காதீர்கள், சிவனே மலையாக நின்றதாகத் தலபுராணம் சொல்கிறது, கண்ணுக்கு ஒரு மேடுகூடத் தெரியாது.) இறைவன் 12,000 பொன் கொடுத்தார். அத்தனை பொன்னைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் வரை எப்படிப் போவது? இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு அங்கே கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. அதனால்தான் ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிற கதை என்று இன்றும் கேலி பேசுகிறோம். கேலி பேசுகிறவர்கள் கதையின் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். சுந்தரர் எச்சரிக்கையான ஆள். ஆற்றில் போடும் முன் அந்தப் பொன்னில் கொஞ்சம் வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால், மச்சத்தைவிட மாற்று குறைவு. மறுபடி பாடினார். மாற்று சரியானது. திருவாரூரில் இன்றும் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒருவர் இருக்கிறார்.

சரண்ஜித் சிங்கின் பொன்னைக் குளத்தில் எடுத்தவர் எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர். பழைய இந்திய இசைத்தட்டுகளைத் தேடி அலைகிறவர். 2002இல் டெல்லிக் கடை ஒன்றில் இந்தத் தட்டு அவர் கைக்கு வந்தது. கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐரோப்பிய இளைஞர்கள் எண்பதுகளின் கடைசியில் எதற்குப் பித்துப் பிடித்து ஆடினார்களோ, அந்தச் சத்தம் 1982 என்று போட்ட ஒரு பம்பாய்த் தட்டில் இருந்தது. 2010இல் பாம்பே கனெக்ஷன் என்ற தம் நிறுவனத்தின் மூலம் மறுபதிப்புக் கொண்டுவந்தார். இருபத்தெட்டு ஆண்டு கழித்துக் கருத்துகள் கொட்டின. முதலில் வந்த கருத்து அவநம்பிக்கை. இது பொய், யாரோ விளையாடுகிறார்கள், ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசை செய்யும் பிரிட்டன்காரர்தான் இந்தியப் பெயரில் ஒளிந்துகொண்டு குறும்பு செய்கிறார் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. மனிதர் மும்பையில் உயிரோடு இருக்கிறார், கல்யாண வரவேற்புகளில் வாசித்துப் பிழைத்தவர், மனைவியும் கூடவே பாடுவார் என்று தெரிந்தபின் அவநம்பிக்கை அடங்கி ஆச்சரியம் எழுந்தது. ஆசிட் ஹவுஸின் தந்தை, சிக்காகோவுக்கு முன்பே கண்டுபிடித்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். எழுபதைத் தாண்டிய வயதில் அவரை ஐரோப்பிய மேடைகளில் ஏற்றினார்கள். பேரப்பிள்ளை வயதுக் கூட்டத்துக்கு நடுவில் நின்று அவர் அதே பெட்டியில் ராகம் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தப் பாராட்டில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தந்தை என்று சொல்ல ஒரு பிள்ளையாவது அவரைக் கேட்டிருக்க வேண்டாமா? சிக்காகோக்காரர்கள் அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அவரும் டிஸ்கோ தாளத்தில் ராகம் என்று நினைத்துத்தான் செய்தார்; ஆசிட் ஹவுஸ் என்ற சொல்லே அப்போது இல்லை. 1982இன் கேட்பாளர் இது டிஸ்கோ இல்லை என்று ஒதுக்கினார். 2010இன் கேட்பாளர் இது ஹவுஸ் என்று தூக்கி வைத்தார். இருவரும் உரைகல்லை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். மச்சத்தோடு உரைத்துப் பார்த்தவர் குறைவு.

மச்சம் என்று நான் சொல்வது ராகத்தை. பைரவ் நமக்கு மாயாமாளவகௌளை. பூபாலி மோகனம். யமன் கல்யாணி. மால்கௌன்ஸ் ஹிந்தோளம். இந்துஸ்தானி தோடி நம் சுபபந்துவராளிக்குப் பக்கம், கலாவதி வலசி, பைராகி ரேவதி. லலித் மட்டும் நமக்கு நேரே வராது. இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து உரசிக்கொள்ளும் விசித்திரம் அது. பத்தையும் கேட்டபின் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இவர் ராகத்தைத் தாளத்தின் மேல் தூவவில்லை. அடியில் ஓடும் அந்த வெள்ளிப் பெட்டியின் சுரவரிசைகூட ராகத்துக்குள்ளேயே ஓடுகிறது. மேலே கீபோர்டில் கையால் வாசிக்கும்போது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகிறார், வடக்கே மீண்டு என்பார்கள், நாம் ஜாரு என்போம். வெள்ளிப் பெட்டியிலும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்க ஒரு வசதி உண்டு. கித்தார்க்காரருக்காகச் செய்த வசதி, தற்செயலாக ராகத்துக்குப் பொருந்திவிட்டது. இன்னொன்று, நம் இசையில் சட்ஜம் அசையாது. சுருதிப்பெட்டி ஒரே இடத்தில் நிற்க, மேலே எல்லாம் நகரும். ஹவுஸ் இசையும் மேற்கத்திய இசையில் அபூர்வமாக, ஒரே இடத்தில் நின்றுகொண்டு பத்து நிமிஷம் ஓடும் இசை. ஆக, பம்பாயும் சிக்காகோவும் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஒரே சந்துக்குள் நுழைந்ததில் மாயம் எதுவுமில்லை. இருவர் கையிலும் ஒரே பெட்டி, இருவருக்கும் நிற்கிற இடத்தில் நிற்கத் தெரியும்.

குறை இல்லாமலில்லை. தாள இயந்திரம் பத்து ராகத்துக்கும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு வருகிறது. விடியற்காலை பைரவுக்கும் நள்ளிரவு மால்கௌன்ஸுக்கும் ஒரே உதை என்றால், ராகத்துக்கு நேரம் பார்க்கிற வழக்கம் என்னாவது? தேவாரப் பண்களையே பகற்பண், இராப்பண் என்று பிரித்து வைத்த ஊர்க்காரன் நான். மேகமல்ஹாரில் மழை வரவில்லை, எனக்கு. லலித் பிரமாதம். அந்த இரண்டு மத்தியமங்களும் இயந்திரத்தின் வாயில் வரும்போது ஒரு வெறுமை கவிகிறது, சிதார் வாசித்தால் அந்த வெறுமை இவ்வளவு பச்சையாக வராது என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் கோயில் நாயனம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் திண்ணையில் உட்கார்ந்து பூபாலியைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “மோகனம். சுத்தமா இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “மூச்சு எங்கப்பா விடறாரு?” என்றார். மிஷின் என்றேன். “அது தெரியுது. வாசிக்கிறவரு எங்க விடறாரு?” மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் தடவை ஒரு இடத்தில் விரலைத் தூக்கினார். கீபோர்டு ஒரு கணம் தயங்கிப் பஞ்சமத்தில் இறங்கும் இடம். “இங்க விட்டாரு.” அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தட்டைப் பற்றி உலகம் சொன்னவற்றில் நான் படித்த எதையும்விட அந்த விரல் எனக்குப் பெரிய விமர்சனம். அந்த உரைகல்லும் அவர் வீட்டுக் கல்தான், இருந்தாலும் இரண்டாம் தடவை உரைத்தார்.

முதல் படைப்புக்குக் கருத்து சொல்வதில் இசைக்காரர்களைவிட இலக்கியம் படிக்கிற நாம் ஒன்றும் மேலில்லை. இதே விருத்தாசலத்தில் இருந்து எழுதும் இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது எத்தனை சண்டை. ஒரு பக்கம் ஆகா என்றார்கள். இன்னொரு பக்கம், தலித் எழுத்தாளர் தலித்துகளுக்குள் இருக்கும் மேல்கீழை எழுதலாமா என்று கேட்டார்கள். நாவலில் வரும் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் பேச்சையும் நடையையும் பார்க்கும் முன்பே, நாவல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டவர்கள் அதிகம். அந்த அம்மாவின் பாட்டு எப்ப வரும் என்ற கேள்விக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

தொழிற்பேட்டைக்கு வருவோம். நாலு பெண்களில் மூத்தவர், சூளையிலிருந்து வந்த சரக்கைத் தரம் பிரிப்பவர். அவர் வேலையே காதால் செய்கிற வேலை. சுட்ட அகலை இடது உள்ளங்கையில் வைத்து வலது கை நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. நல்லதாக இருந்தால் கிண்ணென்று நீளும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக்கென்று செத்துவிடும். மணிக்கணக்கில் இதைச் செய்கிறார், பேசிக்கொண்டே, பக்கத்தில் எஃப்.எம். அலறும்போதே. டொக்குகள் தனிக் கூடையில் விழுகின்றன. பக்கத்து அறையில் களிமண் அரைக்கும் மில், உள்ளே கூழாங்கற்கள் உருண்டு விழ, சீராகத் தடதடத்துக்கொண்டிருக்கும். தோடி ஓடிக்கொண்டிருந்தபோது அந்த மூத்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சார், மில்லு சத்தத்தோட இது சேந்து போவுது பாருங்க. கொஞ்ச நேரத்துல பிரியும்.” பிரிந்தது. பிறகு வெகுநேரம் கழித்து மறுபடி சேர்ந்தது. இரண்டு தாளங்களை ஒன்றின் மேல் ஒன்று ஓட்டி, சேருமிடத்தைக் காதால் பிடிப்பதுதான் ஃபிராங்கி நக்கிள்ஸும் ரான் ஹார்டியும் ராத்திரி முழுக்கச் செய்த வேலை.

இதே அமர்வில் இன்னொன்றும் நடந்தது. பிள்ளையார்களுக்கு ஒட்டுக்கோடு வழிப்பவர், பாட்டு எப்ப வரும் என்று கேட்டவர், கத்தியோடு நிமிர்ந்து, “இது நின்னுக்கோரி இல்ல?” என்றார். மூன்றாவதாகப் பூபாலி ஓடிய நேரம் அது. அவர் சொன்னது ‘அக்னி நட்சத்திரம்’ படப் பாட்டை. 1988. மோகன ராக வர்ணத்தை எடுத்து, மின்னணுத் தாளத்தின் மேல் வைத்து, சித்ராவைப் பாடவைத்தார் இளையராஜா. நம் ஊரில் மூலைமுடுக்கெல்லாம் ஓடியது. கர்நாடக சங்கீதம் கேட்காதவர்களும் ஒரு வர்ணத்தின் பல்லவியை மனப்பாடமாக வைத்திருப்பது அதனால்தான். டிஸ்கோ தாளத்தில் மோகனம் என்ற யோசனை தோற்றது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆறாண்டு கழித்துச் சென்னையில் அது வென்றது, குரலோடும் படத்தோடும். சரண்ஜித் சிங்கைக் கேட்டுத்தான் இளையராஜா செய்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அப்படி ஒரு தந்தைப் பட்டம் ஏற்கனவே சிக்காகோ விஷயத்தில் ஒருமுறை தப்பாக வழங்கப்பட்டுவிட்டது. ராகம் ஒன்று, காலம் ஒன்று, கருவிகள் உறவுக்காரர்கள், வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ராகத்தின் பெயர் தெரியாத அந்த அம்மா, சொல் இல்லாமல், குரல் இல்லாமல், மில் சத்தத்துக்கு நடுவில் மோகனத்தை அடையாளம் கண்டார். ஆசிட் ஹவுஸ் என்று எழுதிய எவருக்கும் அது கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

முதல் ராகம் பைரவில் ஓர் இடத்தில் இயந்திரக் குரல் ஒன்று ஓம் நமச்சிவாய என்கிறது. மனிதக் குரலைக் கீபோர்டு வழியே நசுக்கி உலோகமாக்கிய சத்தம். வெளிநாட்டுக் கேட்பாளர்களுக்கு அது எதிர்காலத்திலிருந்து வந்த விண்வெளிக் குரலாக இருந்திருக்கும். தொழிற்பேட்டையில் அது வந்தபோது தரம் பிரிக்கும் அம்மா கையிலிருந்த அகலைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழமலைநாதர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிறவருக்கு அந்தக் குரல் தகரமா தொண்டையா என்பது ஒரு பொருட்டே அல்ல. சூளைப் பையன் சிரித்தான். அவனுக்கு அது நல்ல எஃபெக்ட்.

அடுத்த வாரம் வேறு வேலையாக அங்கே போனேன். எஃப்.எம். சரியாகிவிட்டிருந்தது, யாரோ தொகுப்பாளர் யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பலகையில் பிள்ளையார்களுக்குப் பதில் இப்போது சரசுவதிகள், வீணைக் கழுத்தில் ஒட்டுக்கோடு. என்னைப் பார்த்ததும் பையன் ஓடிப்போய் ரேடியோவை அணைத்தான். கத்தியை வைக்காமலே அந்த அம்மா சொன்னார்: “நின்னுக்கோரி மாரி ஒண்ணு வந்துச்சே சார், அத மட்டும் வைங்க.”

பூபாலி. தட்டின் முதல் பக்கத்தில் மூன்றாவது.